ஊசியிலைக் காட்டின் நோய்களில் மனிதரின் பங்கு

பைன், ஸ்புரூஸ், ஃபிர் முதலிய ஊசியிலை மரங்கள் வளரும் காடு எதுவானாலும், அங்கே பட்டையைத் துளைக்கும் வண்டும், ஊசிகளைத் தின்னும் புழுவும், வேரை அழுகச் செய்யும் பூஞ்சையும் குடியிருக்கத்தான் செய்யும். இவற்றில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்தவை அல்ல. அந்த மரங்களோடு பல்லாயிரம் ஆண்டுகளாக ஒரே மண்ணில் வாழ்ந்து வருபவை. நலிந்த மரத்தைக் கொல்வதும், அதனால் இளங்கன்றுகளுக்கு வெளிச்சம் கிடைப்பதும், மடிந்த மரம் மக்கி மண்ணாவதும் காட்டின் அன்றாட நடப்பு. சாதாரண ஆண்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மரங்களைக் கொல்லும் ஒரு பூச்சி, திடீரென ஒரு மலைத்தொடரையே காயவைப்பது ஏன் என்பதுதான் விளங்கிக்கொள்ள வேண்டிய கேள்வி. வறட்சியும் வெப்பமும் புயலும் விடையின் ஒரு பகுதி. மறு பகுதி, அந்தக் காட்டில் மனிதர்கள் எதை நட்டார்கள், எதை வெட்டினார்கள், எந்த நெருப்பை அணைத்தார்கள், எங்கிருந்து நாற்று கொண்டுவந்தார்கள் என்பதில் இருக்கிறது. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக் காடுகளில் இது தெளிவாகத் தெரியும் என்பதால், இக்கட்டுரை பெரும்பாலும் அங்கேயே நின்று பேசுகிறது.

முதலில் ஒரு வண்டு ஒரு மரத்தை எப்படிக் கொல்கிறது என்று பார்ப்போம். மலைப் பைன் வண்டு அரிசி மணி அளவே இருக்கும் கறுத்த பூச்சி. கோடையில் பெண் வண்டு ஒரு பைன் மரத்தில் இறங்கிப் பட்டையைத் துளைக்கத் தொடங்கும். நல்ல நிலையில் உள்ள மரம் உடனே அந்தத் துளை வழியே பிசினைப் பீய்ச்சும். வண்டு அதில் சிக்கி இறந்துபோகும், அல்லது வெளியே தள்ளப்படும். ஆனால் துளைக்கும்போதே வண்டு ஒரு வாசனையை வெளியிடுகிறது. அந்த வாசனைக்கு நூற்றுக்கணக்கான வண்டுகள் அதே மரத்தை நோக்கி வரும். ஒரே சமயத்தில் அத்தனை துளைகள் விழும்போது மரத்தின் பிசின் ஈடுகொடுக்க முடியாமல் தீர்ந்துவிடுகிறது. பிறகு வண்டுகள் உள்பட்டையில் செங்குத்தாகச் சுரங்கம் குடைந்து முட்டையிடும். புழுக்கள் பக்கவாட்டில் தின்றுகொண்டே போகும். வண்டு தன் வாயில் சுமந்துவரும் நீலக்கறைப் பூஞ்சை மரத்தினுள் பரவி, நீர் மேலேறும் பாதையை அடைத்துவிடும். அடுத்த கோடையில் ஊசிகள் செம்பழுப்பாக மாறும்போதுதான் மரம் இறந்தது தூரத்திலிருந்து தெரியும். அதற்குள் அதன் பட்டைக்குள் வளர்ந்த புதிய தலைமுறை பறந்து போயிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பிசின் சுரக்க மரத்துக்கு நீரும் வெளிச்சமும் வேண்டும். நெருக்கியடித்து வளரும் மரத்துக்கு இரண்டும் போதாது. அடுத்து, வண்டின் புழுக்களுக்குத் தடித்த உள்பட்டை வேண்டும். அது பருத்த, வயதான மரத்தில்தான் கிடைக்கும். ஆகவே மெலிந்த இளங்கன்றுகளில் இந்த வண்டு பெருக முடியாது. பருமனான, ஆனால் நெருக்கத்தால் வலுவிழந்த மரங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கும் காடுதான் அதற்கு வேண்டும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அப்படியொரு காடு உருவானது. அங்குள்ள லாட்ஜ்போல் பைன் நெருப்போடு பழகிய மரம். அதன் காய்கள் பல பிசினால் ஒட்டி மூடிக்கிடந்து, காட்டுத்தீயின் வெப்பத்தில்தான் திறந்து விதை சிந்தும். தீ ஒவ்வொரு காலத்தில் ஒவ்வோர் இடத்தை எரித்ததால், ஓரிடத்தில் இருபது வயதுக் காடு, பக்கத்தில் ஐம்பது வயது, அப்பால் நூறு வயது என்று நிலம் கலவையாக இருந்தது. வண்டு ஓரிடத்தில் பெருகினாலும் அதைச் சுற்றித் தின்னத் தகாத இளங்காடு இருக்கும். இருபதாம் நூற்றாண்டில் தீயணைப்பு வலுத்தது. எரிய வேண்டிய பகுதிகள் எரியாமல் முதிர்ந்தன. நூறு ஆண்டுகளில் முதிர்ந்த பைன் காட்டின் பரப்பு சுமார் மூன்று மடங்கானது. அதன்மேல் குளிர்காலங்கள் மிதமாகின. பூச்சியின் உடலில் உறைவைத் தடுக்கும் பொருள் இருந்தாலும், மைனஸ் 40 டிகிரியை ஒட்டிய கடுங்குளிர் சில நாள் நீடித்தால் புழுக்கள் மடிந்துவிடும். அந்தக் குளிர் வருவது அரிதானது. 1990களில் தொடங்கிய பெருக்கம் 1.8 கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பைத் தொட்டது. அம்மாகாணத்தில் வெட்டி விற்கத்தக்க பைன் மரத்தில் ஏறக்குறைய பாதி அழிந்தது. வெப்பம் மட்டுமே காரணம் என்பவர்களும் தீயணைப்பு மட்டுமே காரணம் என்பவர்களும் உண்டு. இளங்காடுகள் இடையிடையே இருந்திருந்தால் அதே மிதமான குளிர்காலத்திலும் சேதம் இவ்வளவு பரந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தீயை அணைப்பது எல்லா இடத்திலும் ஒரே விளைவைத் தருவதில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வடகிழக்கில் உள்ள ப்ளூ மவுண்டன்ஸ் மலைகளில் அது காட்டின் இனத்தையே மாற்றியது. அங்கே தாழ்ந்த, வறண்ட சரிவுகளில் பாண்டரோசா பைன் மரங்கள் பருத்து, அகன்ற இடைவெளி விட்டு நின்றன. கீழே புல் வளர்ந்தது. பத்து இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புல்லோடு ஓடும் சிறு நெருப்பு வந்து போகும். அதில் ஒரு பங்கு மின்னல் வைத்தது. ஒரு பங்கு அங்கே வாழ்ந்த பழங்குடி மக்கள் வேண்டுமென்றே வைத்தது. ஆகவே அந்தத் திறந்த காட்டையும் மனிதக் கை படாத காடு என்று சொல்லிவிட முடியாது. பாண்டரோசாவின் தடித்த பட்டை நெருப்பைத் தாங்கும். கிராண்ட் ஃபிர், டக்ளஸ் ஃபிர் ஆகியவற்றின் இளங்கன்றுகள் தாங்காது. அதனால் அவை அங்கே தலையெடுக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த ஆட்டு மந்தைகள் புல்லை மேய்ந்து தீர்த்தன; நெருப்பு ஓடப் புல் இல்லாமல் போனது. 1910 ஆகஸ்டில் ஐடஹோவிலும் மொண்டானாவிலும் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்த பெருந்தீ அமெரிக்க வனத்துறையை உலுக்கியது. 1935 முதல், கண்ணில் பட்ட தீ எதுவானாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கப்பட வேண்டும் என்பது துறையின் விதியானது. அதே காலத்தில் மரம் வெட்டியவர்கள் விலைபோகும் பெரிய பாண்டரோசா மரங்களை மட்டும் தேர்ந்தெடுத்து வெட்டி, ஃபிர் கன்றுகளை விட்டுவிட்டுப் போனார்கள். நெருப்பு இல்லை, மேலே நிழல் தந்த பைன் இல்லை. ஃபிர்கள் அடர்ந்து எழுந்தன. சில பத்தாண்டுகளில் பைன் காடு ஃபிர் காடாகிவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காடு முன்பைவிடப் பசுமையாகத்தான் தெரிந்திருக்கும்.

மேற்கத்திய ஸ்புரூஸ் மொட்டுப்புழுவுக்குப் பெயரில் ஸ்புரூஸ் இருந்தாலும் அது விரும்பி உண்பது ஃபிர்களின் புதுத் துளிரைத்தான். அது ஓர் அந்துப்பூச்சியின் புழு. மேல்கிளையில் உணவு தீர்ந்தாலோ காற்று அசைத்தாலோ பட்டிழையில் தொங்கிக்கொண்டு கீழே இறங்கும். திறந்த பைன் காட்டில் அப்படி இறங்கும் புழு தரையில் விழுந்து, பெரும்பாலும் எறும்புக்கும் பறவைக்கும் இரையாகும். உயரமான ஃபிர், அதன் கீழே நடுத்தர ஃபிர், அதன் கீழே கன்று என்று அடுக்கடுக்காக நிற்கும் காட்டிலோ, இறங்கும் இடமெல்லாம் அதற்கு உணவு. 1980களில் ப்ளூ மவுண்டன்ஸில் இந்தப் புழு ஆண்டுக்கணக்கில் நீடித்துப் பெருகியதற்கு இந்த அடுக்கமைப்பு ஒரு முக்கிய காரணம். ஃபிர்களின் வேர் அழுகல் நோய்களும், குட்டைப் புல்லுருவி என்னும் ஒட்டுண்ணிச் செடியும் அதே வழியில் பரவின. புல்லுருவி தன் விதையைப் பல மீட்டர் தூரம் வெடித்துத் தெறிக்கச் செய்யும்; மேலே நோயுற்ற மரமும் கீழே அதே இனத்துக் கன்றும் இருந்தால் விதை நேராகக் கன்றின்மேல் விழும். நோயுற்ற பெரிய மரங்களை விதைக்காக விட்டுவைத்து மற்றவற்றை வெட்டிய இடங்களில் இதுதான் நடந்தது.

பூச்சி பெருகிய பின் மருந்தடிப்பதும் காட்டை நடத்தும் முறைகளில் ஒன்று. 1972 முதல் 1974 வரை அதே மலைகளில் டஸ்ஸாக் அந்துப்பூச்சியின் புழுக்கள் ஃபிர்களை மொட்டையடித்தன. 1972இல் தடை செய்யப்பட்டிருந்த டிடிடி மருந்தை 1974இல் அவசர அனுமதி பெற்று வானிலிருந்து தெளித்தார்கள். ஆனால் இந்தப் புழுவுக்கென்றே இயற்கையில் ஒரு வைரஸ் உண்டு; புழுக்கள் மிக நெருக்கமாகப் பெருகும்போது அது பரவி, இரண்டு மூன்று ஆண்டுகளில் கூட்டத்தை அழித்துவிடும். அந்த வைரஸையே பெருக்கித் தெளிமருந்தாகப் பயன்படுத்த 1976இல் பதிவு கிடைத்தது. இரண்டு வழிகளும் அந்த ஆண்டின் ஊசிகளைக் காப்பாற்றுமே தவிர, பைன் இருந்த இடத்தில் ஃபிர் அடர்ந்து நிற்கும் நிலைமையை மாற்றுவதில்லை.

இதுவரை சொன்னவை உள்ளூர்ப் பூச்சிகள், உள்ளூர் நோய்கள். மனிதர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த நோய்க்கு வெள்ளைப் பைன் கொப்புளத் துரு நோயைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஐரோப்பிய நாற்றங்கால்களில் நாற்று மலிவாகக் கிடைத்ததால், அமெரிக்காவின் சொந்த மரமான கிழக்கு வெள்ளைப் பைனின் விதையை அங்கே முளைக்கவைத்து, நாற்றை மீண்டும் கடல் கடத்திக் கொண்டுவந்தார்கள். அந்த நாற்றுகளில் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் பரவியிருந்த துருப் பூஞ்சை ஒட்டிக்கொண்டு வந்தது. கிழக்குக் கரையில் நோயுற்ற நாற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டதும், 1912இல் அமெரிக்காவில் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் வந்தது. மேற்குக் கரைக்கோ 1910இலேயே பிரான்சிலிருந்து வான்கூவருக்கு வந்திறங்கிய நாற்றுக் கட்டு ஒன்றில் நோய் நுழைந்துவிட்டது. 1921இல்தான் அது கண்ணில் பட்டது.

இந்தப் பூஞ்சை வாழ இரண்டு செடிகள் வேண்டும். ஒன்று, ஒரு கொத்தில் ஐந்து ஊசி உள்ள பைன். மற்றது, ரைபீஸ் இனத்துப் புதர். கூஸ்பெரியும் கரன்ட் பழச்செடியும் இந்த இனம்தான். பைன் பட்டையில் இளவேனிற்காலத்தில் மஞ்சள் கொப்புளங்கள் வெடித்து வித்துகள் கிளம்பும். அவை காற்றில் நெடுந்தூரம் போய் ரைபீஸ் இலையில் முளைக்கும். கோடை முடிந்து குளிரும் ஈரமும் கூடும் நாட்களில், அந்த இலையின் அடிப்புறத்திலிருந்து வேறுவகை வித்துகள் பைனைத் தேடிப் புறப்படும். இவை மென்மையானவை, பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் உலர்ந்து மடியும். ஊசியின் நுண்துளை வழியே நுழைந்து, கிளை வழியாகத் தண்டுக்கு வந்து, பட்டையைச் சுற்றிவளைத்து மரத்தைக் கொல்ல அதற்குச் சில ஆண்டுகள் ஆகும்.

புதரை ஒழித்தால் நோய் ஒழியும் என்ற கணக்கு ஏட்டில் சரியாகவே இருந்தது. 1930களில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் காட்டுக்குள் வரிசையாக நடந்து ரைபீஸைக் கையால் பிடுங்கினார்கள். கிழக்கே ஓரளவு பலன் கிடைத்தது. மேற்கே, மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்த ரைபீஸ் விதைகள் ஒவ்வொரு முறை மண் கிளறப்பட்டபோதும் முளைத்தன. 1960களின் இறுதியில் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதைவிட வருந்தத்தக்கது வேறொன்று. துரு எப்படியும் கொன்றுவிடும், அதற்குமுன் மரத்தையாவது பயன்படுத்திக்கொள்வோம் என்று, நோயால் பாதிக்கப்படாமல் நின்ற வெள்ளைப் பைன்களையும் சேர்த்து வெட்டினார்கள். அவற்றில் சில தற்செயலாகத் தப்பியவையாக இருக்கலாம். சிலவோ பிறவியிலேயே எதிர்ப்புத் திறன் கொண்டவை. நோய் தானே தேர்ந்தெடுத்துக் காட்டிய விதை மரங்களைக் கோடரி எடுத்துக்கொண்டது. 1950 முதல் ஐடஹோவில் மரபியல் ஆய்வாளர்கள் அப்படித் தப்பி நின்ற மரங்களைத் தேடிப் பிடித்து, கலப்பினம் செய்து, எதிர்ப்புத் திறன் கூடிய விதையை உருவாக்கத் தொடங்கினார்கள். இன்று நடப்படுவது அவற்றின் வழிவந்த நாற்று. நட்ட பிறகும் கீழ்க்கிளைகளைக் கழித்துவிடுவது வழக்கம்; தரையை ஒட்டிய ஈரக் காற்றில்தான் பெரும்பாலான தொற்று நிகழ்கிறது.

ஐடஹோவின் வடபகுதியில் வெள்ளைப் பைன் இருந்த பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இப்போது அது இருக்கிறது. காலியான இடத்தை நிரப்பியவை கிராண்ட் ஃபிர்ரும் டக்ளஸ் ஃபிர்ரும். வேர் அழுகல் நோயை வெள்ளைப் பைன் ஓரளவு தாங்கும். இவை இரண்டும் தாங்குவதில்லை. கடல் கடந்து வந்த ஒரு நோய், உள்ளூர் நோய் ஒன்றுக்கு வாசலைத் திறந்துவிட்டது. வேர் நோய் புகுந்த இடத்தில் ஃபிர் வளரும், நடுத்தர வயதில் சாயும், அதே இடத்தில் மீண்டும் ஃபிர்ரே முளைத்து மீண்டும் சாயும்.

மரம் வெட்டுவதே நோய் பரவ வழிசெய்யும் விதம் தனியாகச் சொல்லத்தக்கது. இங்கிலாந்தின் தெட்ஃபோர்ட் காடு 1920களிலிருந்து மணற்பாங்கான நிலத்தில் நட்டு உருவாக்கப்பட்ட பைன் தோட்டம். மரங்கள் வளர்ந்து, நெருக்கத்தைக் குறைக்க இடையிடையே வெட்டிக் கலைக்கத் தொடங்கியதும், எஞ்சிய மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாகத் தொடங்கின. கேம்பிரிட்ஜ் தாவரவியலாளர் ஜான் ரிஷ்பெத் காரணத்தைக் கண்டறிந்தார். ஹெட்டரோபசிடியான் என்னும் பூஞ்சையின் வித்துகள் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கின்றன. உயிருள்ள மரத்தின் பட்டையை அவை துளைக்க முடியாது. புதிதாக வெட்டிய அடிக்கட்டையின் ஈரமான முகப்பிலோ வித்து விழுந்தவுடன் முளைக்கும். அங்கிருந்து பூஞ்சை கட்டையின் வேருக்குள் இறங்கும். மண்ணுக்கடியில் அந்த வேர் பக்கத்து மரத்தின் வேரைத் தொடும் இடத்தில் தாண்டிப் போகும். வெட்டு முகப்பு பழசாகிச் சில வாரங்கள் கழிந்தால் வித்துகளால் அதில் ஊன்ற முடிவதில்லை. ஆகவே ஆபத்து முதல் நாட்களில்தான்.

ரிஷ்பெத் இதற்குக் காட்டிலிருந்தே தீர்வு எடுத்தார். ஃப்ளெபியோப்சிஸ் என்னும் வேறொரு பூஞ்சை வெட்டிய கட்டையை மட்டும் தின்னும், உயிருள்ள மரத்தைக் கொல்லாது. அதன் வித்துகளை நீரில் கலந்து வெட்டு முகப்பில் பூசினால், நோய்ப் பூஞ்சை வருமுன் அது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 1960களில் தொடங்கிய இம்முறை இன்று வட ஐரோப்பாவில் இயந்திரமாகிவிட்டது. மரம் வெட்டும் வண்டியின் ரம்பத் தகட்டிலுள்ள துளைகள் வழியே, வெட்டு விழும் அதே நொடியில், வித்துக் கரைசல் கட்டையின் முகப்பில் பீய்ச்சப்படுகிறது. அதில் நீலச் சாயம் கலந்திருப்பதால் எங்கே படவில்லை என்பதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பின்லாந்திலும் சுவீடனிலும் உறைபனிக் காலத்தில் வெட்டினால் இந்தச் செலவும் தேவையில்லை. அப்போது காற்றில் வித்துகள் இல்லை என்றே சொல்லலாம்.

கலைத்தலின் சிக்கல் இங்கே தெரிகிறது. மரங்களுக்கிடையே இடம் விட்டால் எஞ்சியவற்றுக்கு நீரும் வெளிச்சமும் கூடும், பிசின் பெருகும், பட்டை வண்டைத் தடுக்கும் வலு வரும். காற்று தாராளமாக வீசுவதால் வண்டுகள் விடும் அழைப்பு வாசனையும் கலைந்துபோகும். வண்டுக்கு எதிராகக் கலைத்தலைவிடப் பயனுள்ள முன்னேற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அது வண்டு பெருகுமுன் செய்ய வேண்டியது, பெருகிய பின் செய்து பயனில்லை. அதே கலைத்தல் நூற்றுக்கணக்கான புதிய அடிக்கட்டைகளையும், தரையில் கிடக்கும் கிளைகளையும் நுனிகளையும் விட்டுச்செல்கிறது. பாண்டரோசா காட்டில் குளிர்காலத்திலோ வசந்தத்திலோ வெட்டிப்போட்ட கிளைகள் ஈரம் உலராமல் கிடந்தால், பைன் செதுக்கு வண்டு என்னும் சிறு பட்டை வண்டு அவற்றில் பெருகி, அதே கோடையில் நிற்கும் மரங்களின் உச்சியில் ஏறும். கோடைக்குப் பிறகு வெட்டினால் அடுத்த பறப்புக் காலத்துக்குள் கிளைகள் காய்ந்துவிடும். டக்ளஸ் ஃபிர்ரில் கருங்கறை வேர் நோயும் இப்படியே: புதிய கட்டையின் வாசனைக்கு வரும் வேர் வண்டுகள் அந்தப் பூஞ்சையைச் சுமந்து வருகின்றன, ஆகவே வசந்தகாலப் பறப்பு முடிந்த பிறகு வெட்டுவது நல்லது. எத்தனை மரம் வெட்டுகிறோம் என்பதைப் போலவே எந்த மாதத்தில் வெட்டுகிறோம் என்பதும் நோயைத் தீர்மானிக்கிறது.

ஐரோப்பாவில் சிக்கல் நடும்போதே தொடங்கியது. நார்வே ஸ்புரூஸ் ஜெர்மனியில் இயல்பாகக் குளிர்ந்த மலை உச்சிகளின் மரம். வேகமாக, நேராக வளர்ந்து நல்ல விலை போகும் என்பதால், இருநூறு ஆண்டுகளாக அதை பீச் மரம் வளர வேண்டிய தாழ்நிலங்களிலும் வரிசையாக நட்டார்கள். 2018 முதல் தொடர்ந்த வறட்சியில் ஆழமில்லாத வேர் கொண்ட ஸ்புரூஸ் தளர்ந்தது. எட்டுப்பல் பட்டை வண்டு வெப்பத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று தலைமுறை பெருகியது. சில ஆண்டுகளில் சுமார் 5 லட்சம் ஹெக்டேர் காடு அழிந்தது. ஹார்ஸ் மலைகளுக்குப் போனவர்கள் சாம்பல் நிறத் தண்டுகளைப் பார்த்திருப்பார்கள். இதற்கு மாறாக, பவேரியக் காட்டுத் தேசியப் பூங்காவில் 1983இல் புயலில் சாய்ந்த ஸ்புரூஸை அகற்றாமல் அப்படியே விட்டார்கள். வண்டு பெருகி, 1990களில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் மரம் செத்தது. சுற்றுவட்டாரத்து மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மடிந்த தண்டுகளுக்கிடையே பல வயதுக் கன்றுகள் தாமாக முளைத்தன. ஆனால் அது அந்த மலையின் உயரத்தில் ஸ்புரூஸுக்கு உரிய இடம். தாழ்நிலத் தோட்டத்தில் அதையே செய்தால், பக்கத்துத் தோட்டக்காரர் வண்டுகளைப் பெற்றுக்கொள்வார், காடு அதே போலத் திரும்பி வராது.

இனி அமெரிக்க மேற்கில் நெருப்பைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி. ஃபிர் கன்றுகளை வெட்டி நீக்கிவிட்டு, மிதமான நாளில் கட்டுப்பாட்டோடு தீ வைத்தால் பழைய பாண்டரோசா காடு மீளும் என்பது திட்டம். பல இடங்களில் மீண்டும் வருகிறது. ஆனால் நூறு ஆண்டுகள் எரியாத காட்டில், முந்நூறு வயதுப் பைன் ஒன்றின் அடியில் உதிர்ந்த ஊசியும் பட்டைச் செதிலும் முழங்கால் அளவுக்கு மேடாகக் குவிந்திருக்கக்கூடும். மரம் தன் மெல்லிய வேர்களை அந்த மேட்டுக்குள்ளேயே அனுப்பியிருக்கும். அதில் நெருப்பு பிடித்தால் சுடர் எழாமல் மணிக்கணக்கில் கனன்று, அடிப்பட்டையையும் வேரையும் வெந்துபோகச் செய்யும். எத்தனையோ காட்டுத்தீயைத் தாங்கிய மரம் அந்த மென்மையான தீயில் வலுவிழக்க, வாசனை பிடித்து வரும் பட்டை வண்டு அடுத்த கோடையில் அதை முடித்துவிடும். அதனால் தீ வைக்குமுன் பணியாளர்கள் முதிய மரங்களை ஒவ்வொன்றாகத் தேடிப்போய், அடியைச் சுற்றிக் குவிந்ததை வாரியால் அகற்றி, வேர்கள் புதிய ஆழத்துக்குப் பழக அவகாசம் கொடுக்க விரும்பும் இடங்களில் ஓராண்டு காத்திருந்து, ஈரம் எஞ்சியிருக்கும் பருவத்தில் முதல் நெருப்பை வைக்கிறார்கள்.